பிறந்த மாதமும் பள்ளிக்கூடமும்

பிள்ளை பிறந்த வேளையைக் குறித்து வைப்பது நம் நாட்டில் நெடுங்கால வழக்கம். நாழிகையும் நட்சத்திரமும் பார்த்துச் சாதகம் எழுதுவிக்கிறார்கள். பிள்ளைக்குக் கல்விப் பலன் எப்படியென்று சோதிடரைக் கேட்கிறார்கள். கோள்கள் குழந்தையின் படிப்பைத் தீர்மானிக்கின்றன என்பதை நாம் ஒப்புக்கொள்வதற்கில்லை. ஆயினும் பிறந்த மாதம் படிப்பைத் தொடவே செய்கிறது. அதைச் செய்வது வானத்துக் கோள் அன்று. மனிதர் வகுத்த பள்ளிச் சேர்க்கை விதியே.

இலங்கையில் முதலாந் தரத்திற் சேரும் பிள்ளைக்குச் சேரும் ஆண்டின் ஜனவரி 31ஆம் நாளன்று ஐந்து வயது நிறைந்திருக்க வேண்டும். ஆகவே பெப்ரவரியிற் பிறந்த பிள்ளை வகுப்பில் மூத்தது. அடுத்த ஜனவரியிற் பிறந்தது எல்லாரிலும் இளையது. இருவருக்குமிடையே ஏறத்தாழ ஓராண்டு இடைவெளி. நாற்பது வயதினர்க்கு ஓராண்டு ஒரு பொருட்டன்று. ஐந்து வயதுக் குழந்தைக்கோ அது வாழ்நாளில் ஐந்திலொரு பங்கு. பென்சில் பிடிக்கும் விரலின் உறுதியும், அசையாமல் அமர்ந்திருக்கும் பொறுமையும், சொன்னதைக் கேட்டுத் திருப்பிச் சொல்லும் ஆற்றலும் அந்த ஓராண்டில் வெகுவாக வளர்ந்துவிடுகின்றன. அப்படியிருக்க, ஒரு பிள்ளையைக் கெட்டிக்காரன் என்றும் மற்றதை மந்தம் என்றும் நாம் பிரிக்கும்போது, பல வேளைகளில் நாம் அளப்பது அறிவையன்று, மாதங்களையே.

இது வெறும் ஊகமன்று. பெடார்ட், டூயி என்னும் பொருளியலறிஞர் இருவர் பல நாடுகளின் பரீட்சைப் பெறுபேறுகளை ஆராய்ந்து 2006இல் வெளியிட்டனர். வகுப்பில் மிக இளையவர்கள், நூறு பேரை வரிசைப்படுத்தினால் மிக மூத்தவர்களைக் காட்டிலும் நான்காம் வகுப்பில் 4 முதல் 12 இடங்கள் வரையும், எட்டாம் வகுப்பில் 2 முதல் 9 இடங்கள் வரையும் பின்னால் நின்றனர். காலம் இவ்வேற்றுமையைக் குறைக்கிறது. ஆனால் முற்றாக அழித்துவிடவில்லை. அமெரிக்காவில் 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதனினும் கவலை தருவது. செப்டெம்பர் முதலாந் தேதியை வயதெல்லையாகக் கொண்ட மாநிலங்களில், செப்டெம்பரிற் பிறந்தோரைவிட ஆகஸ்டிற் பிறந்த பிள்ளைகளிடம் கவனக்குறைவு நோய் இருப்பதாக 34 சதவீதம் கூடுதலாக முடிவு செய்யப்பட்டதாம். இளமை அங்கே நோயென்று பெயர் பெற்றுவிட்டது!

இந்தச் சிக்கல் என்று தோன்றியது? நம் முன்னோரின் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் அது இல்லை. விசயதசமியன்று ஏடு தொடக்கிய பிள்ளை தன் வேகத்திற் கற்றது. நெடுங்கணக்கு முடிந்தால் அடுத்த பாடம். முடியாவிட்டால் மீண்டும் அதுவே. ஓராண்டிற் பிறந்தோர் அனைவரையும் ஒரே வாங்கில் இருத்தி, ஒரே நாளில் ஒரே வினாத்தாளைக் கொடுக்கும் ஏற்பாடு அன்று கிடையாது. அதனால் அந்தப் பழமையை நாம் போற்றிப் பாட வேண்டியதுமில்லை. அத்திண்ணை பிறந்த மாதத்தைக் கேட்கவில்லை. ஆனால் பிறந்த குலத்தைக் கேட்டது. உழைக்கும் மக்களின் பிள்ளைகளுள் மிகப் பெரும்பாலோர்க்கு அங்கே இடமிருக்கவில்லை.

கதவைத் திறந்தது பொதுக்கல்வியே. கன்னங்கராவின் முயற்சியால் 1945இல் இலவசக் கல்வி வந்தது. கிராமத்து ஏழைப் பிள்ளைகளுட் திறமையுடையோரைத் தேர்ந்து மத்திய கல்லூரிகளுக்கு அனுப்பும் பொருட்டுப் புலமைப் பரிசிற் பரீட்சையும் எழுந்தது. நோக்கம் உயர்ந்தது. ஆயின் ஆயிரக்கணக்கான பிள்ளைகளை ஆண்டு வாரியாக அடுக்கும் ஏற்பாட்டோடு, பிறந்த மாதத்தின் வேற்றுமையும் உடன் நுழைந்தது.

சேர்க்கை வயது இறைவன் விதித்ததன்று என்பதற்கு நம் வரலாறே சான்று. 1972இல் வந்த கல்விச் சீர்திருத்தம் அதனை ஐந்திலிருந்து ஆறாக உயர்த்தியது. 1977இல் ஆட்சி மாறியபின் அது மீண்டும் ஐந்தாயிற்று. மனிதர் போட்ட கோட்டை மனிதரே நகர்த்தினர். ஆனால் கோட்டை எங்கே நகர்த்தினும் மூத்த பிள்ளைக்கும் இளைய பிள்ளைக்கும் இடையிலுள்ள பதினொரு மாத இடைவெளி குறைவதில்லை. அதைக் குறைக்க வேறு வழி வேண்டும்.

அவ்வழி பிரித்தானியாவில் முன்னமே அறியப்பட்டிருந்தது. கோட்ஃபிரி தாம்சன் என்னும் கல்வியறிஞர் எடின்பரோவில் ஆக்கிய மோரே ஹவுஸ் சோதனைகள், பதினொரு வயதுப் பிள்ளைகளைத் தேர்வதற்கு அந்நாட்டிற் பெரிதும் பயன்பட்டன. அவற்றிற் பிள்ளையின் வயதை மாதக் கணக்கிற் பார்த்துப் புள்ளிகளைச் சரிசெய்யும் முறை இருந்தது. நம் ஐந்தாந் தரப் பரீட்சையில் அம்முறை இல்லை. இருநூறு புள்ளிகளுள் எத்தனை என்பதே கேள்வி. எத்தனை மாதத்துப் பிள்ளை என்பது கேள்வியன்று. தேர்ந்தெடுக்கும் பரீட்சையை வைத்துக்கொண்டோம். அதன் கொடுமையைச் சற்றே தணிக்கும் கணக்கை விட்டுவிட்டோம்.

இனி வன்னிக்கு வருவோம். விதியின் ஒரு நாள் வேற்றுமை ஒரு வாழ்வை எவ்வளவு தூரம் மாற்றக்கூடும் என்பதை அம்மண் காட்டியதுபோல் வேறெதுவும் காட்டியதில்லை. கிளிநொச்சியில் 2003 ஜனவரி 31ஆம் நாள் ஒரு பிள்ளையும் மறுநாள் வேறொரு பிள்ளையும் பிறந்தனவென்று கொள்வோம். முன்னது 2008இல் முதலாந் தரத்திற்கு உரியது. பள்ளி இருந்தது, ஆசிரியர் இருந்தார். அவ்வாண்டின் பிற்பகுதியில் ஊர் முழுவதும் இடம்பெயருமுன் அது எழுத்துக்களையேனும் கண்டிருக்கும். மறுநாட் பிள்ளைக்கோ முறை 2009 ஜனவரியில். அம்மாதம் 2ஆம் நாள் கிளிநொச்சி இராணுவத்தின் வசமாயிற்று; 25ஆம் நாள் முல்லைத்தீவு நகரும் வீழ்ந்தது. அப்பிள்ளையின் முதற் பாடம் பதுங்குகுழி. மே 18இல் போர் முடிந்தபோது, ஏறத்தாழ மூன்று இலட்சம் மக்கள் முகாம்களில் அடைபட்டிருந்தனர். செட்டிகுளத்து மெனிக்பாம் அவற்றுட் பெரியது. 2012 செப்டெம்பரிலேயே அது முற்றாக மூடப்பட்டது.

வேறெங்கும் ஒரு நாள் பிந்திப் பிறப்பது வகுப்பில் மூத்த பிள்ளையாகும் பேற்றைத் தரும். வன்னியில் அந்தப் பேறும் பறிபோயிற்று. அவ்வகுப்பில் மிக இளையவை, அதாவது 2004 ஜனவரியிற் பிறந்தவை, இரட்டைச் சுமையைத் தாங்கின. இப்பிள்ளைகளெல்லாம் 2013இல் ஐந்தாந் தரப் பரீட்சைக்கு இருந்தபோது, நாடெங்கும் கொடுக்கப்பட்ட அதே வினாத்தாள்தான் அவர்களுக்கும். வெட்டுப்புள்ளி மாவட்டந்தோறும் வேறுபடும் என்பது உண்மை. ஆனால் வவுனியா மாவட்டத்தில் நகரத்துப் பிள்ளையும் முகாமிலிருந்து மீண்ட பிள்ளையும் ஒரே வெட்டுப்புள்ளிக்கு உட்பட்டவர்களே. மாவட்டம் என்னும் சொல் அவ்வேற்றுமையை மூடி மறைத்தது.

இதில் வர்க்கத்தின் கையும் உண்டு. வசதியுள்ள வீட்டில் ஜனவரிப் பிள்ளைக்கு நல்ல முன்பள்ளியும் தனி வகுப்பும் தாயின் ஓய்வு நேரமும் உண்டு. மாதக் குறையைப் பணம் நிரப்பிவிடும். வன்னியின் கூலி உழவர் வீட்டிலோ, பள்ளியாண்டு தொடங்கும் ஜனவரி காலபோக அறுவடை நெருங்கும் காலம். தாயும் தந்தையும் வயலில் நிற்க, வகுப்பில் மிக இளைய பிள்ளை தனியே கொப்பியை விரித்துக்கொண்டிருக்கும். இயற்கை தந்த சிறு வேற்றுமையைச் சமுதாயம் பெரிதாக்கும் முறை இதுவே.

செய்யத்தக்கது என்ன? பத்து வயதில் பிள்ளைகளைச் சலித்தெடுக்கும் பரீட்சை ஒழிவதே முடிவான தீர்வு. எல்லாப் பாடசாலைகளும் நல்ல பாடசாலைகளாகிவிட்டால், சில பாடசாலைகளுக்காகப் போட்டியிட வேண்டியதில்லை அல்லவா? அதுவரை, வயதை மாதக் கணக்கிற் கொண்டு புள்ளிகளைச் சரிசெய்யும்படி நாம் கேட்கலாம். அதற்குப் புதிய பணமும் வேண்டாம், கட்டடமும் வேண்டாம். பிறந்த தேதி விண்ணப்பப் படிவத்திலேயே இருக்கிறது.

ஆசிரியத் தோழர்கள் சுற்றுநிருபத்திற்குக் காத்திருக்கவும் வேண்டியதில்லை. இடாப்பில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே பிறந்த மாதத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்வாங்கில் மந்தமென்று இருத்தப்பட்ட பிள்ளைகளின் மாதங்களை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். டிசம்பரும் ஜனவரியும் அங்கே மிகுந்து காணப்படுமாயின், அப்பிள்ளைகளை முன்வாங்கிற்கு அழைத்து இன்னும் சில மாதம் பொறுத்திருங்கள். அவர்களுக்கு வேண்டியது அந்தக் காலமே.