கார்டிகன்: பிரபுவின் பெயரும் பெண்களின் பின்னலும்

கார்டிகன் முதலில் உடுப்பின் பெயர் அல்ல, வேல்ஸின் மேற்குக் கரையில் இருக்கும் ஓர் ஊரின் பெயர். கெரெடிக் என்ற பழந்தலைவனின் நிலம் என்று பொருள்படும் கெரெடிகியோன், ஆங்கிலேயர் வாயில் கார்டிகன் ஆனது. பிறகு அது பிரபுப் பட்டமாகி, ஏழாவது கார்டிகன் பிரபு ஜேம்ஸ் ப்ரூடெனலிடம் வந்து சேர்ந்தது. கிரிமியாப் போரில், 1854 அக்டோபர் 25 அன்று, பலக்ளாவாவில் சுமார் 670 குதிரை வீரர்களை ரஷ்யப் பீரங்கிகளுக்கு நேராக நடத்திச் சென்றவர் இவர்தான். உயிர் தப்பித் திரும்பியவரை இங்கிலாந்து கொண்டாடியது. குளிருக்கு அணியும் கம்பளிப் பின்னல் சட்டைக்கும் அவர் பெயரே ஒட்டிக்கொண்டது. படைவீரர்கள் கூடாரங்களில் கிடந்த நாள்களில், துறைமுகத்தில் நின்ற சொந்தப் படகில் உறங்கியவர் அவர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

முன்பக்கத் திறப்புதான் இந்த உடுப்பின் உயிர். தலை வழியே மாட்ட வேண்டாம். வெயில் ஏறினால் பொத்தானைக் கழற்றிவிடலாம். அதனால்தான் போர்க்களக் கம்பளி கோடைக்குள்ளும் நுழைய முடிந்தது.

ஆனால் கோடைக்கு இன்னொரு சொல்லும் வேண்டும்: லேஸ். இதன் மூலமான லத்தீன் சொல்லுக்குச் சுருக்குக் கயிறு, கண்ணி என்று பொருள். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் முதலில் கட்டும் கயிறானது. ஷூ லேஸில் அந்தப் பொருள் இன்றும் இருக்கிறது. துளைகளால் அழகுபெறும் துணியானது பின்னர்தான். நாமும் பறவை பிடிக்கும் சுருக்கையும் வலையின் துளையையும் கண்ணி என்றே சொல்கிறோம்.

பின்னலில் ஊசியேறும் நூல் வளையமும் கண்ணிதான். ஊசிமேல் நூலை ஒரு முறை சும்மா சுற்றினால் புதுக் கண்ணி பிறக்கும், அதன் கீழே துளை விழும். அருகிலேயே இரண்டு கண்ணிகளைச் சேர்த்துப் பின்னினால் எண்ணிக்கை பழையபடி ஆகிவிடும். லேஸ் பின்னல் முழுவதும் இந்தக் கூட்டல் கழித்தல்தான். பருத்தி நூலுக்குக் கம்பளியின் மீள்தன்மை கிடையாது. நெருக்கமாகப் பின்னினால் தன் எடையாலேயே தொங்கிப்போகும். காற்றுக்கு வழிவிடும் துளைகள் அந்த எடையையும் குறைக்கின்றன.

இதை உயர்ந்த கலையாக்கியவர்கள் ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாந்து தீவுகளின் பெண்கள். ஆட்டின் கழுத்து மயிரைக் கையால் பிடுங்கி மெல்லிழையாக நூற்று, உன்ஸ்ட் தீவில் பின்னிய சால்வைகள் திருமண மோதிரத்துக்குள் நுழைந்து வெளிவரும். கூலியோ பெரும்பாலும் பணமாக வரவில்லை. வணிகர்கள் தேயிலையும் துணியும் கொடுத்துக் கணக்கை முடித்தார்கள். இந்தக் கூலிமுறை பற்றிய 1872ஆம் ஆண்டின் அரசு விசாரணை அறிக்கையில் இந்தப் பெண்களே சொன்ன சாட்சியங்கள் இருக்கின்றன. கார்டிகன் என்ற சொல்லைவிட அந்தச் சாட்சியங்களையே நான் மதிக்கிறேன்.

சரிவாகக் கழுத்துவரை ஏறும் சட்டைக்கையின் பெயரும் ஒரு பிரபுவுடையதே: கிரிமியாப் போரில் பிரிட்டிஷ் படையின் தலைமைத் தளபதி, வாட்டர்லூவில் வலக்கையை இழந்த ராக்லன். ஷெட்லாந்துப் பெண்களின் சொற்களைத் தேடினால் அவை துளைகளின் வரிசையில்தான் கிடைக்கும். அலைத்தடம், இறகும் விசிறியும் என்று அவர்கள் வழங்கிய பின்னல் வகைகள், இன்றைய கோடைக் கார்டிகன்களின் விளிம்புகளிலும் அதே பெயர்களோடு பின்னப்படுகின்றன.