ரோமாபுரியைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது?



கொஞ்சம் நீளமான பதிவு. மருத்துவப் பதிவு இல்லை, முழுக்க வரலாறு. ஆனாலும் நடுவில் குடற்புழு வரும், கண்வலி வரும். தொழில் பழக்கம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

குடற்புழு நீக்க முகாமுக்காக எங்கள் பகுதியில் ஒரு அரசுப் பள்ளிக்குப் போயிருந்தேன். அல்பெண்டசோல் 400 மில்லிகிராம், ஆளுக்கு ஒன்று, மென்று விழுங்க வேண்டும். கொடுத்த பிறகு யாருக்காவது வாந்தி, தலைசுற்றல் வருதான்னு பார்க்கக் கொஞ்ச நேரம் அங்கேயே இருப்போம்.

ஒன்பதாம் வகுப்பு டீச்சர் கூப்பிட்டார். "சும்மாதானே சார் உட்கார்ந்திருக்கீங்க. பசங்களுக்கு ஏதாவது சொல்லுங்களேன்."

கரும்பலகையில் அன்றைய பாடம் இருந்தது. செவ்வியல் உலகம். ஜூலியஸ் சீசர், அகஸ்டஸ், பியூனிக் போர்கள். கீழே ஆண்டுகள் வரிசையாக.

பிள்ளைகள் முகத்தைப் பார்த்தேன். மாத்திரையே பரவாயில்லை என்பது போல இருந்தது.

முதல் கேள்வியே எனக்குத்தான் வந்தது. "சார், சீசர் சிசேரியன்ல பொறந்தாராமே?"

நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அநேகமாக உண்மை இல்லை. அந்தக் காலத்தில் வயிற்றைக் கிழித்துக் குழந்தையை எடுத்தார்கள் என்றால் தாய் இறந்துவிட்டார், அல்லது இறந்துகொண்டிருக்கிறார் என்று அர்த்தம். மயக்க மருந்து இல்லை, ரத்தம் ஏற்ற வழியில்லை. சீசரின் அம்மா அவுரேலியாவோ மகன் வளர்ந்து பெரிய படைத்தலைவர் ஆகும்வரை உயிரோடு இருந்தவர். வெட்டுதல் என்ற பொருள் தரும் லத்தீன் சொல்லிலிருந்து அந்தப் பெயர் வந்திருக்கலாம் என்பதுதான் பொதுவான விளக்கம்.

வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது.

அதோடு சீசரை விட்டுவிட்டேன். எனக்கு ரோம் மேல் பைத்தியம் பிடித்தது சீசரால் இல்லை. ஒரு ஓட்டை மரத்துண்டால்.

இங்கிலாந்தின் வடக்கே விண்டோலாண்டா என்று ஒரு பழைய ரோமானியக் கோட்டை இருக்கிறது. 1973-ல் ராபின் பிர்லி என்ற தொல்லியலாளர் அங்கே வடிகாலுக்காகப் பள்ளம் தோண்டும்போது மெல்லிய மரச்சீவல்கள் கிடைத்தன. தபால் அட்டை அளவு. ஒட்டியிருந்த இரண்டைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே மையெழுத்து. காற்றுப் புகாத ஈரமண்ணில் கிடந்ததால் சுமார் 1900 வருடம் மக்காமல் இருந்திருக்கிறது. அகச்சிவப்புப் புகைப்படம் எடுத்துத்தான் பெரும்பாலானவற்றைப் படிக்க முடிந்தது.

அதில் இருப்பதெல்லாம் ராஜா கதை இல்லை நண்பர்களே. ஊர்ல இருந்து காலுறையும் செருப்பும் ரெண்டு ஜட்டியும் அனுப்பியிருக்கேன்னு ஒரு கடிதம். பிறந்தநாளுக்கு வீட்டுக்கு வா என்று கிளாடியா செவெரா என்ற பெண் தன் தோழி சுல்பிசியா லெபிடினாவுக்கு எழுதிய அழைப்பு. ஒரு பெண் தன் கையால் லத்தீனில் எழுதியவற்றில் மிகப் பழையவற்றுள் இது ஒன்று.

ஜட்டி என்றதும் வகுப்பே சிரித்தது. டீச்சர் முறைத்தார். பிறகு அவரும் சிரித்துவிட்டார்.

இப்போது எனக்கு மிகப் பிடித்தது. கி.பி. 90-களில் ஒரு மே 18-ம் தேதி அந்தக் கோட்டையில் எழுதிய ஆள் கணக்கு. அரசு மருத்துவமனையில் வேலை பார்க்கும் எந்த நர்ஸும் பார்த்த உடனே சொல்லிவிடுவார், "இது நம்ம வார்டு சென்சஸ்தான் சார்" என்று.

படைப்பிரிவில் மொத்தம் 752 பேர். வெளியே போயிருப்பவர்கள் 456. கோட்டையில் இருப்பவர்கள் 296. இருப்பவர்களில் நோயாளிகள் 15. காயம்பட்டவர்கள் 6. கண்வலிக்காரர்கள் 10.

"வேலைக்கு ஆகிறவர்கள் எத்தனை பேர்? சொல்லுங்க பார்ப்போம்."

பின் பெஞ்சிலிருந்து பதில் வந்தது. "265 சார்."

மரத்துண்டிலும் 265-தான்.

கண்வலிக்கு மட்டும் தனிக் கட்டம் போட்டிருக்கிறார்கள், கவனித்தீர்களா? புகை அடைந்த அறைகள், நெருக்கிப் படுக்கை, ஒருவர் துண்டை இன்னொருவர் எடுப்பது. நம்ம ஊர் மெட்ராஸ் ஐ ஹாஸ்டலில் பரவுவதைப் பார்த்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம்.

இன்னொன்று. இந்த 752 பேரும் ரோம் நகரத்துக்காரர்கள் இல்லை. இன்றைய பெல்ஜியம் பக்கத்திலிருந்து வந்த துங்க்ரியர்கள் பெயரில் இருந்த படை அது. ட்ராஜன் பேரரசர் பிறந்தது ஸ்பெயினில். செப்டிமியஸ் செவெரஸ் பிறந்தது இன்றைய லிபியாவில். ரோமானியர் என்றவுடன் ஒரே முகத்தைப் பிள்ளைகள் மனதில் வரைந்துவிட வேண்டாம்.

சரி, குடற்புழுவுக்கு வருகிறேன்.

ரோமானியர்கள் என்றால் பாடப்புத்தகம் சொல்வது கால்வாய்ப் பாலங்கள், பொதுக் குளியல் கூடங்கள், வரிசையாகக் கல் இருக்கை போட்ட கழிப்பறைகள், பெரிய பாதாளச் சாக்கடை. எல்லாம் உண்மை. அப்படியானால் வயிற்றில் புழு குறைந்திருக்க வேண்டும் இல்லையா?

குறையவில்லை. பழைய கழிவுக்குழி மண்ணிலும் உறைந்துபோன மலத்திலும் புழு முட்டைகளைத் தேடிய ஆய்வுகளைக் கேம்பிரிட்ஜின் பியர்ஸ் மிட்செல் 2016-ல் தொகுத்தார். சாட்டைப்புழு, உருண்டைப்புழு ரெண்டுமே ரோமானியக் காலத்தில் பரவலாக இருந்திருக்கின்றன. முந்தைய காலத்தைவிடக் குறைந்ததாகத் தெரியவில்லை.

ஏன்? கழிப்பறை கட்டினார்கள். ஆனால் மலத்தை நகரத்துக்கு வெளியே வயலுக்கு உரமாகப் போட்டார்கள். முட்டை கீரையில் ஏறித் திரும்ப வீட்டுக்கே வந்தது. குளியல் தொட்டியில் வெதுவெதுப்பான தண்ணீரை எப்போதாவதுதான் மாற்றினார்கள். கிருமி, முட்டை என்கிற அறிவே அப்போது யாருக்கும் இல்லை.

"நீங்க இப்போ மென்னு முழுங்கினீங்களே, அந்த மாத்திரை அவங்ககிட்ட இல்லை. அதே புழுதான், அவங்களுக்கும் உங்களுக்கும்."

ஒரு பெண் முகம் சுளித்தாள். எனக்குத் திருப்தி. மதிய உணவுக்கு முன்னால் கை கழுவும் வரிசை அன்றைக்கு வழக்கத்தைவிட நீளமாக இருந்ததாக டீச்சர் பிறகு சொன்னார்.

பிறகு அவர்களுடைய பள்ளிக்கூடம். விடியும் முன்பே ஆரம்பித்துவிடும். மெழுகு பூசிய பலகையில் கூரான ஆணியால் எழுதுவார்கள். கூழாங்கல் வைத்துக் கணக்குப் போடுவார்கள். சின்னக் கல்லுக்கு லத்தீனில் கால்குலஸ். கல்லூரிக் கணக்குப் பாடத்துக்கும் அதே பெயர்தான், சிறுநீரகக் கல்லுக்கு நாங்கள் கேஸ் ஷீட்டில் எழுதுவதும் அதேதான். வசதியான வீட்டுப் பையனைப் பள்ளிக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவருவது ஒரு அடிமை.

அடி உண்டு. நன்றாகவே உண்டு. கவிஞர் ஹோரஸ் தன் வாத்தியார் ஓர்பிலியஸை அடிக்கிறவர் என்றே எழுதிவைத்தார், அந்த மனுஷனுக்கு இரண்டாயிரம் வருடமாக அதே பெயர்.

ஆனால் அதே ரோமில் குவிண்டிலியன் என்று ஓர் ஆசிரியர் இருந்தார். அரசுச் சம்பளம் வாங்கிப் பேச்சுக்கலை கற்பித்தவர். கி.பி. 95 வாக்கில் 12 பாகங்களில் கல்வி பற்றி எழுதினார். பிள்ளைகளை அடிக்கக் கூடாது என்று வெளிப்படையாக அதில் சொல்கிறார். அடி அடிமைகளுக்கு உரிய அவமானம், திட்டித் திருந்தாத பையன் அடியிலும் மரத்துத்தான் போவான், ஒழுங்காகக் கூடவே இருந்து சொல்லிக்கொடுத்தால் அடிக்கவே தேவையில்லை என்பது அவர் வாதம். குழந்தை விளையாடத் தந்தத்தில் எழுத்துகள் செய்து கொடுக்கலாம் என்றும் எழுதியிருக்கிறார்.

நான் ஆறாவது படித்த பள்ளியில் கணக்கு நோட்டுக்காக விரல் முட்டியில் ஸ்கேல் பக்கவாட்டில் விழும். இன்றைக்கும் தையல் போடும்போது அந்த விரலைப் பார்த்தால் ஞாபகம் வரும். குவிண்டிலியனை முதல்முறை படித்த அன்று தூக்கம் வரவில்லை. 1900 வருடத்துக்கு முன்பே ஒருத்தர் சொல்லிவிட்டாரே என்று.

விண்டோலாண்டாவில் ஒரு பிள்ளையின் நோட்டும் கிடைத்திருக்கிறது. யாரோ எழுதிய கடிதத்தின் பின்பக்கம், நாம் ரஃப் நோட்டு வைப்போமே அப்படி. வெர்ஜிலின் காவியத்திலிருந்து ஒரு வரி, கோணல்மாணலாக. கோட்டைத் தளபதி வீட்டுப் பையனாக இருக்கலாம் என்கிறார்கள். அதே கோட்டையில் குழந்தைகளின் தோல் செருப்புகளும் கிடைத்திருக்கின்றன. வரி முடிந்த இடத்தில் வேறொரு கை மூன்றே எழுத்து எழுதியிருக்கிறது. 'செக்'. செக்னித்தர் என்பதன் சுருக்கம் என்று ஆய்வாளர்கள் படிக்கிறார்கள். சோம்பேறித்தனமாக எழுதியிருக்கிறாய் என்று அர்த்தம்.

இதைச் சொன்னபோது மூன்றாவது வரிசையில் ஒரு பையன் தன் நோட்டை மெதுவாகத் திறந்து டீச்சரின் சிவப்பு மையைப் பார்த்தான். என்ன எழுதியிருந்தது என்று நான் கேட்கவில்லை.

மிளகையும் சொல்லிவிடுகிறேன். விண்டோலாண்டாவின் ஒரு பற்று வரவுக் கணக்கில் காம்பாக்ஸ் என்ற வீரர் பெயருக்கு எதிரே மிளகு, 2 தெனாரி என்று இருக்கிறது. அந்த மிளகு விளைந்தது மேற்குத் தொடர்ச்சி மலையில். யவனர் கப்பல் முசிறியில் மிளகு ஏற்றிப் போன செய்தி அகநானூற்றில் உண்டு. ஒரு பவுண்டு கருமிளகு 4 தெனாரி என்று பிளினி விலை எழுதியிருக்கிறார். அந்த விலைப்படி காம்பாக்ஸ் வாங்கியது நம்ம கணக்கில் 160 கிராம் போல. சேர நாட்டு மலையிலிருந்து செங்கடல், நைல், ரோம், அங்கிருந்து இங்கிலாந்தின் குளிர். பெருமையாகத்தான் இருக்கும். பெருமைப்படுங்கள். மார்க் தட்டி முடிந்ததும் அதைப் பறித்த கை யாருடையது, கப்பலில் மூட்டை தூக்கியது யார் என்று ஒரு கேள்வியும் பிள்ளைகளிடம் கேளுங்கள்.

அங்கேதான் நான் தயங்கினேன்.

என் கைபேசியில் இன்னொரு பலகையின் விவரமும் இருந்தது. லண்டன் நகரின் நடுவே 1990-களில் தோண்டியபோது கிடைத்தது. ஒரு விற்பனைப் பத்திரம். விற்கப்பட்டது ஒரு பெண். பெயர் ஃபோர்துனாதா. அதிர்ஷ்டக்காரி என்று அர்த்தம், நம்ம ஊரில் பாக்கியம் என்று வைப்போமே, அது போல. இன்றைய பிரான்ஸ் பக்கத்தில் இருந்த ஓர் இனத்தவள். விலை 600 தெனாரி, ஒரு படைவீரரின் ஏறக்குறைய இரண்டு வருடச் சம்பளம். வாங்கியவன் வெகெத்துஸ், அவனும் அடிமை. அவனுடைய எஜமானும் பேரரசரின் அடிமை.

பத்திரத்தில் ஓர் உறுதிமொழி வருகிறது. இவள் ஆரோக்கியமானவள், ஓடிப்போகிறவள் அல்ல.

தினமும் உடற்தகுதிச் சான்றிதழில் கையெழுத்துப் போடுகிறவன் நான். அந்த வரியைத் தாண்ட முடியவில்லை.

பதினான்கு வயதுப் பிள்ளைகளிடம் சொல்லலாமா? டீச்சரைப் பார்த்தேன். "பரீட்சையில வராது சார். ஆனா சொல்லுங்க" என்றார்.

சொன்னேன். "அடிமைக்கு அடிமையா சார்?" என்று இரண்டு பையன்கள் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றது.

ஜன்னல் ஓரத்தில் ஒரு பெண் எழுந்தாள். "சார், சூளையில அட்வான்ஸ் வாங்கிட்டா கணக்கு முடியிற வரைக்கும் வர முடியாது. அது மாதிரியா?"

அந்த வரிசையில் மூன்று இடம் காலியாக இருந்ததை அப்போதுதான் பார்த்தேன். பெற்றோரோடு செங்கல் சூளைக்குப் போயிருக்கிறார்கள் என்று டீச்சர் மெதுவாகச் சொன்னார்.

என்ன பதில் சொல்வீர்கள் நீங்கள்?

அது மாதிரியே இல்லை என்று சொல்லியிருந்தால் பொய். அதுவேதான் என்று சொன்னாலும் சரியில்லை. ரோமில் ஃபோர்துனாதாவை விற்றது சட்டப்படி. அவளுக்கு நோய் இருந்தால் விற்கிறவர் முன்பே சொல்ல வேண்டும் என்றுகூடச் சட்டம் இருந்தது, வாங்குகிறவர் ஏமாறக் கூடாதே என்பதற்காக. நம் நாட்டில் கடனைக் காட்டி ஆளைப் பிடித்துவைப்பது 1976-லிருந்து சட்டப்படி குற்றம். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் என்று பெயர். அட்வான்ஸ் பாக்கி இருந்தாலும் ஒருத்தரைப் போகவிடாமல் தடுக்க யாருக்கும் உரிமை இல்லை.

அதைத்தான் அவளிடம் சொன்னேன். சட்டத்தின் பெயரையும் வருடத்தையும் கரும்பலகையில் பியூனிக் போர்களுக்குக் கீழே எழுதினேன்.

அவள் நோட்டில் எழுதிக்கொண்டாள். உட்காரவில்லை. "அந்தப் பொண்ணு அப்புறம் என்ன ஆனா சார்?"

"பலகை அங்கேயே முடிஞ்சிருதும்மா."

மணி அடித்தது.

கிளம்பும் முன் பதிவேட்டில் கணக்கு எழுத வேண்டும். அந்த வகுப்பில் மொத்தம் 38. மாத்திரை சாப்பிட்டவர்கள் 35. வராதவர்கள் 3. மூன்று பெயரையும் தலைமையாசிரியரிடம் கொடுத்து, பெற்றோர் எந்தச் சூளையில் இருக்கிறார்கள் என்று விசாரித்து மேலே எழுதச் சொன்னேன். அவர் ஏற்கனவே ஒருமுறை எழுதியிருந்தார். இன்னொரு முறை எழுதினார்.

விடுபட்டவர்களுக்குக் கொடுக்க ஒரு வாரம் கழித்து அதே பள்ளிக்குப் போனேன். மூன்றில் இரண்டு பேர் வந்திருந்தார்கள். மாத்திரையை மென்றுகொண்டே ஒருத்தன் கேட்டான், "சார், போன வாரம் ஏதோ ஜட்டிக் கதை சொன்னீங்களாமே?"