கரையும் கதவும்: பேர்மியூடாத் தீவின் தங்குமிடங்கள் பற்றிய வரலாற்று நோக்கு

ஓய்வு நாடி ஒரு தீவின் கடற்கரைக்குச் செல்லும் பயணி முதலில் எழுப்பும் வினா எங்கே தங்குவது என்பதாகும். மணற்கரையை அடுத்த பெரிய ஹோட்டலா, துறைமுக நகரின் விடுதியா, ஒதுக்குப்புறமான தனிக்குடிலா என அவன் ஆராய்கின்றான். இத்தெரிவு அவனது விருப்பையும் பொருள்வலிமையையும் மாத்திரம் பொறுத்தது போலத் தோன்றும். ஆயின், அவன் முன் வைக்கப்படும் விடுதிகள் அவ்விடங்களில் ஏன் எழுந்தன, எவருடைய நிலத்தில் எழுந்தன, எவருக்குக் கதவு திறந்தன என்னும் வினாக்களுக்கு வரலாறே விடை கூறவல்லது. வட அத்திலாந்திக் சமுத்திரத்திலுள்ள பேர்மியூடா இதற்குச் சிறந்ததோர் எடுத்துக்காட்டாகும்.

வட அகலக்கோடு 32 பாகையில் அமைந்த இத்தீவுக் கூட்டம் ஏறத்தாழ 54 சதுர கிலோமீற்றர் பரப்புடையது. அமெரிக்காவின் வட கரோலைனாக் கரையிலிருந்து ஆயிரம் கிலோமீற்றருக்கும் அப்பால் தனித்துக் கிடப்பது. அயன வலயத்துக்கு வெளியே அமைந்திருப்பினும், குடா நீரோட்டத்தின் வெம்மை காரணமாக இங்கு உறைபனி விழுவதில்லை. ஆறுகள் இன்மையால் வெண்ணிறச் சுண்ணக்கல் கூரைகளில் விழும் மழைநீரையே மக்கள் தொட்டிகளில் தேக்கிப் பயன்படுத்தி வந்துள்ளனர். செந்நிற ஓடுடைய நுண்ணுயிர்களின் சிதைவுகள் கலந்தமையால் தென்கரை மணல் இளஞ்சிவப்பு நிறம் பெற்றது. 1609இல் வேர்ஜீனியா நோக்கிச் சென்ற ஆங்கிலக் கப்பலொன்று இங்குப் பாறையில் மோதியதைத் தொடர்ந்து, 1612இல் ஆங்கிலேயர் குடியேற்றம் தொடங்கிற்று. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட கறுப்பினத்தார் 1834இல் விடுதலை பெற்றனர். எனினும் நிலமும் வணிகமும் ஆட்சியும் வெள்ளையர் கையிலேயே பெரும்பாலும் நிலைத்தன.

இன்று பேர்மியூடாவின் பெயரைக் கேட்டதும் தென்கரையின் இளஞ்சிவப்பு மணலே நினைவுக்கு வருகின்றது. ஆனால் தொடக்ககால ஹோட்டல்கள் அம்மணற்கரையில் எழவில்லை என்பது கவனிக்கத்தக்கது. 1863இல் திறக்கப்பட்ட ஹமில்டன் ஹோட்டல் தலைநகரின் நடுவே அமைந்தது. 1885ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் திகதி திறக்கப்பட்ட பிரின்செஸ் ஹோட்டல் ஹமில்டன் துறைமுகத்தின் ஓரத்தில் நின்றது. 1883இல் இங்கு வந்து தங்கிய விக்டோரியா மகாராணியின் மகள் லூயிஸ் இளவரசியின் நினைவாகவே அதற்கு அப்பெயர் இடப்பட்டது. கனடாவின் மகாதேசாதிபதியினுடைய மனைவியாகிய அவர் அந்நாட்டின் கடுங்குளிருக்கு அஞ்சி வந்தமை, அமெரிக்கச் செல்வந்தரின் கவனத்தையும் இத்தீவின்பால் ஈர்த்தது.

துறைமுகத்தை நாடியமைக்குத் தக்க காரணங்கள் இருந்தன. அக்காலப் பயணிகள் மாரிகாலத்திலேயே வந்தனர். பனியிலிருந்து தப்புவதே அவர்தம் நோக்கமாயிருந்தது. பெப்ரவரி மாதத்தில் 18 பாகை செல்சியஸ் அளவான இதமான காற்று உலாவுவதற்கு ஏற்றதேயன்றிக் கடலில் நீராடுவதற்கு ஏற்றதன்று. திறந்த தென்கரையைப் பெருங்காற்று தாக்க, உட்புறத் துறைமுகம் காப்புடையதாய் இருந்தது. நியூயோர்க்கிலிருந்து வந்த நீராவிக் கப்பல்களும் ஹமில்டனிலேயே நங்கூரமிட்டன. தீவுக்குள் பெரும்பாலும் குதிரை வண்டியே ஊர்தியாயிருந்தது. மோட்டார் வண்டியைத் தடுக்கவேண்டுமென 1908இல் எழுந்த விண்ணப்பத்தில் எழுத்தாளர் மார்க் டுவெயினும், பின்னர் அமெரிக்க ஜனாதிபதியான வுட்ரோ வில்சனும் ஒப்பமிட்டனர். அவ்வாண்டிற் பிறந்த தடை 1946வரை நீடித்தது. எனவே, கப்பலிலிருந்து இறங்கியதும் அடையக்கூடிய விடுதியே சிறந்த விடுதியாயிற்று.

அமைதியை நாடி வந்தோர் இவ்வாறு துறைமுகத்தை நோக்கி அமர்ந்திருக்க, அதே தீவுக் கூட்டத்தின் சிறு தீவுகளில் வேறொரு வகையான தங்கலும் நிகழ்ந்தது. தென்னாபிரிக்கப் போரிற் சிறைப்பட்ட போவர் வீரர் ஆயிரக்கணக்கில் 1901ஆம் ஆண்டு முதல் அங்கு அடைத்துவைக்கப்பட்டனர். இலங்கையில் தியத்தலாவையில் அடைக்கப்பட்டோரும் அப்போரிற் பிடிபட்டவர்களே. பிரித்தானியப் பேரரசு தன் தீவுகளை ஓய்வுக்கும் சிறைக்கும் ஒருசேரப் பயன்படுத்தியமைக்கு இது சான்றாகும்.

முதலாம் உலகப் போரின் பின்னர் நிலைமை மாறலாயிற்று. வெயிலில் மேனி கறுப்பது நாகரிகமாகவும், கடலில் நீராடுவது பொழுதுபோக்காகவும் மேனாட்டாரால் கொள்ளப்பட்டன. 1920இல் அமெரிக்காவில் நடைமுறைக்கு வந்த மதுவிலக்கு, அருகிலிருந்த பிரித்தானியத் தீவுக்கு மேலும் ஒரு கவர்ச்சியை அளித்தது. பேர்னஸ் விதி என்னும் கப்பற் கம்பனி தீவின் அரசுடன் கூடிப் பயணிகள் போக்குவரத்தை விரிவாக்க முற்பட்டது. செல்வரைக் கப்பலில் ஏற்றிவந்தாற் போதாது. அவர்கள் விரும்பித் தங்குவதற்குக் கடலோரத்தில் ஹோட்டலும் கொல்ப் மைதானமும் வேண்டுமெனக் கருதப்பட்டது. அதற்கெனத் தெரிவுசெய்யப்பட்ட இடம் தீவின் கிழக்குப் பகுதியிலுள்ள டக்கர்ஸ் டவுணாகும்.

டக்கர்ஸ் டவுண் ஆளற்ற வெறுநிலமன்று. விடுதலை பெற்ற அடிமைகளின் வழிவந்தோர் பலர் அங்குப் பயிர்செய்தும் மீன்பிடித்தும் வாழ்ந்தனர். அவர்களுக்கெனத் தேவாலயமும் பாடசாலையும் இடுகாடும் இருந்தன. சொந்த நிலம் உடையோரும் அவர்களுட் சிலர் இருந்தனர். விற்க மறுப்போரின் காணியைக் கட்டாயமாகக் கைப்பற்றும் அதிகாரத்தை அபிவிருத்திக் கம்பனிக்கு அளிக்கும் சட்டமொன்று 1920இல் நிறைவேறிற்று. குடியிருந்தோர் எதிர்த்து மனுச் செய்தும் பயன் விளையவில்லை. இறுதிவரை வெளியேற மறுத்த மூதாட்டி ஒருவர் 1923இல் பலாத்காரமாக அகற்றப்பட்டார். அந்நிலத்தில் சார்ள்ஸ் பிளேயர் மக்டொனால்ட் வகுத்த மிட் ஓஷன் கொல்ப் மைதானம் 1921இலேயே திறக்கப்பட்டிருந்தது. 1931இல் காசில் ஹாபர் ஹோட்டலும் எழுந்தது. பழைய இடுகாடு மாத்திரம் கொல்ப் மைதானத்தின் இடையே எஞ்சிற்று. பயணிக்குத் தங்குமிடம் தெரிவுசெய்யப்பட்டபோது, அங்குத் தங்கியிருந்தவர்களுக்குத் தெரிவு இல்லாமற் போயிற்று. ஏறத்தாழ நூறாண்டுகளின் பின்னர், இத்தகைய காணி இழப்புக்களை ஆராய 2019இல் விசாரணை ஆணைக்குழுவொன்று நியமிக்கப்பட்டு, 2021இல் அதன் அறிக்கை வெளிவந்தது.

நிலம் பறிபோனது ஒருபுறமிருக்க, கதவு அடைபட்டமை மறுபுறத்துச் செய்தியாகும். ஹோட்டல்களிற் படுக்கை விரித்தோரும் உணவு பரிமாறியோரும் மிகப் பெரும்பாலும் கறுப்பினத்தார். ஆயின் விருந்தினராக அவர்கள் அவ்வாயிலை மிதிக்க இயலாது. தாம் விரும்பாதவர்க்கு இடமளிக்க மறுக்கும் உரிமையை ஹோட்டல் உரிமையாளருக்கு 1930ஆம் ஆண்டுச் சட்டமொன்று வழங்கிற்று. யூதப் பயணிகளும் இவ்வாறு விலக்கப்பட்டனர். விளம்பரங்களில் வாடிக்கையாளர் வரையறுக்கப்பட்டவர் என நாகரிகமாகக் குறிப்பிடப்பட்டமையின் பொருளை அறியவேண்டியோர் அறிந்திருந்தனர். மொனார்க் ஒவ் பேர்மியூடா, குவீன் ஒவ் பேர்மியூடா ஆகிய பெருங் கப்பல்கள் 1930களில் பயணிகளைக் கொண்டுவந்து இறக்கிய பொற்காலத்தின் மறுபக்கம் இதுவே.

கறுப்பினப் பயணி ஒருவருக்கு எங்கே தங்குவது என்பது சுவை பற்றிய வினாவாக இருக்கவில்லை. மானம் பற்றிய வினாவாகவே இருந்தது. நியூயோர்க்கில் வாழ்ந்த தபால் ஊழியராகிய விக்டர் கிரீன், தம் இனத்தவர் அவமானமின்றித் தங்கவும் உண்ணவும் கூடிய இடங்களைத் தொகுத்து 1936 முதல் வழிகாட்டி நூலொன்றை வெளியிட்டார். தொடக்கத்தில் அமெரிக்காவை மாத்திரம் கருதிய அந்நூலின் 1949ஆம் ஆண்டுப் பதிப்பு பேர்மியூடாவையும் உள்ளடக்கியது. தீவின் கறுப்பினத்தார் நடத்திய சிறு விடுதிகளே அப்பயணிகளுக்குப் புகலிடமாயின. ஒரே கடலையும் ஒரே கரையையும் நாடி வந்த இருவர் கையில் இருவேறு விடுதிப் பட்டியல்கள் இருந்தன என்பது சிந்திக்கத்தக்கது.

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கர் அமைத்த விமானத்தளம், போரின் பின்னர் பொதுமக்கள் பயணத்துக்கும் திறந்துவிடப்பட்டது. கப்பலில் இரண்டு நாட் கழித்தவர் இப்போது சில மணி நேரத்தில் வந்திறங்கினர். கோடைகாலம் முதன்மை பெற்றது. தென்கரை ஹோட்டல்களும், நடுவில் ஒரு பொதுமனையும் சுற்றிலும் தனிக்குடில்களும் கொண்ட குடில் விடுதிகளும் பெருகின. வசதிகள் மாறியும் நிறத்தடை மாறவில்லை.

அதனை அசைத்தது பயணிகளின் மனச்சாட்சியன்று. தீவு மக்களின் ஒற்றுமையாகும். வெளிநாடுகளிற் கல்வி பயின்று திரும்பியோரை உள்ளடக்கிய இளைஞர் குழுவொன்று இரகசியமாகக் கூடி, படமாளிகைகளில் இனவாரியாக ஆசனம் பிரிக்கப்பட்டமையை எதிர்த்துப் பகிஷ்கரிப்புக்கு அழைப்பு விடுத்தது. சுவரொட்டிகளில் அவர்தம் பெயர் இல்லை. தெரிந்தால் தொழிலும் கடன் வசதியும் பறிபோகும் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர். 1959 ஜூன் 15இல் தொடங்கிய பகிஷ்கரிப்பினால் படமாளிகைகள் வெறிச்சோடின. ஹமில்டன் வீதிகளில் மக்கள் திரண்டனர். ஜூலை 2இல் படமாளிகைகளில் பிரிவினை நீக்கப்பட்டது. அதனைத் தொடர்ந்து பெரிய ஹோட்டல்களும் உணவகங்களும் தம் தடைகளைக் கைவிட்டன. படம் பார்க்கும் ஆசனத்துக்காக எழுந்த போராட்டம் ஹோட்டல் வாயிலையும் திறந்தது. 1963இல் வளர்ந்தோர் யாவரும் வாக்களித்த முதற் பொதுத்தேர்தல் நடைபெற்றபோதிலும், வாக்குரிமைக்கு 25 வயது வேண்டப்பட்டதோடு காணியுடையோர்க்கு மேலதிக வாக்கும் இருந்தது. 1968ஆம் ஆண்டின் தேர்தலிலேயே அச்சலுகை ஒழிந்தது. பகிஷ்கரிப்பை நடத்திய குழுவினர் யாவர் என்பது நாற்பது ஆண்டுகள் கழித்து, 1999இலேயே பகிரங்கமாயிற்று.

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின் ஓருண்மை புலனாகும். பேர்மியூடாவின் விடுதிகளைத் துறைமுகத்துக்கும் பின்னர் மணற்கரைக்கும் கொண்டுசென்றவை காலநிலையும் கப்பலும் விமானமும் ஆகும். ஆனால் எவர் நிலத்தில் விடுதி எழவேண்டும், எவர் அங்கு உறங்கலாம் என்பவற்றை வகுத்தவை சட்டமும் அதிகாரமுமே. இயற்கை அளித்த கரை யாவர்க்கும் பொது; அதனை நோக்கித் திறக்கும் கதவு மனிதராற் செய்யப்பட்டது. மனிதராற் செய்யப்பட்டதாதலின், 1959இல் மனிதராலேயே அது திறக்கப்படவும் முடிந்தது. ஆயினும் டக்கர்ஸ் டவுணில் அகற்றப்பட்டோர் தம் வாயிலுக்கு மீளவில்லை. கொல்ப் மைதானத்தின் நடுவே கிடக்கும் அக்கல்லறைகள், அங்கு முன்னர்த் தங்கியிருந்தவர் எவர் என்பதற்கு இன்றும் சான்று பகர்கின்றன.