பொம்மைச் சிப்பாயும் தோட்டத்துச் சரித்திரமும்

போர்க்காலச் சிப்பாய்களைச் சிறு பொம்மைகளாக வார்த்து, அவர்தம் உடையையும் நிறத்தையும் உள்ளபடியே தீட்டுவது இன்று பல நாடுகளில் பயிலப்படும் ஒரு கலையாகும். 1893இல் லண்டனில் வில்லியம் பிரிட்டன் நிறுவனத்தார் உள்ளீடற்ற ஈயச் சிப்பாய்களை வார்த்து விற்கத் தொடங்கியபோது இவை சிறுவர்களின் விளையாட்டுப் பொருள்களாகவே இருந்தன. இன்றோ 54 மில்லிமீற்றர் உயரமுள்ள பொம்மையொன்றில் தோல்வாரின் நிறம் பிழைத்தாலும் அது வரலாற்றுப் பிழையென்றே கருதப்படுகிறது.

இத்துல்லியத்தை நாம் இகழவில்லை. சான்றுகளை ஐயுற்று ஆராயும் பழக்கத்தை அது வளர்க்கிறது. காக்கி என்னும் சொல் தூசியின் நிறத்தைக் குறிப்பது. புதுத்துணியின் காக்கி வேறு. வெயிலிற் காய்ந்து பலமுறை வெளுக்கப்பட்ட காக்கி வேறு. பழைய புகைப்படங்களை அப்படியே நம்புவதும் தகாது. அக்காலப் பிலிம்கள் செந்நிறத்தைக் கறுப்பாகவும் நீலத்தை வெளிறலாகவும் காட்டின. எனவே தீட்டுவோன் புகைப்படத்தோடு எஞ்சிய துணியையும் எழுத்துச் சான்றையும் ஒப்பு நோக்க வேண்டியவனாகிறான்.

மலையகத்துச் சிப்பாய் ஒருவனை இவ்வாறு தீட்டப் புகுந்தால் நம் கண்முன் வந்து நிற்பவன் யார்? தோட்டத்துரையே! 1900இல் அமைக்கப்பட்டுக் கண்டியைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த இலங்கைத் தோட்டத்துரைமார் றைபிள் படை ஐரோப்பியருக்கே உரியதாயிருந்தது. 1914 ஒக்டோபரில் அப்படையினர் 237 பேர் எகிப்துக்குக் கப்பலேறினர். சுயெஸ் கால்வாயைக் காத்தபின், 1915இல் கலிப்பொலியில் ஆஸ்திரேலிய, நியூசிலாந்துச் சேனைத் தலைவர் பேட்வூட்டின் தலைமையகத்திற்குக் காவல் நின்றனர். அவர்களிற் பலர் உயிர் துறந்தனர். அத்துயரை நாம் சிறுமைப்படுத்தவில்லை.

ஆனால் அதே 1914இல் தொழிலாளியின் நிலை என்ன? துரை தோட்டத்தை விட்டுப் போருக்குப் போனால் அது வீரம். தொழிலாளி முன்னறிவிப்பின்றித் தோட்டத்தை விட்டு நீங்கினால் 1865ஆம் ஆண்டுச் சட்டப்படி அது சிறைக்குரிய குற்றம்! கடன் தீர்த்தாலன்றி வேறு தோட்டத்திற்குப் போக விடாத ‘துண்டு’ முறையும் அவனைப் பிணித்திருந்தது. அம்முறை 1921இலேதான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

இரண்டாவது மகாயுத்தம் வந்தது. பிரித்தானியாவில் 1940 ஜூலை முதல் தேயிலை பங்கீட்டுப் பொருளாயிற்று. போர்க்களத்திலும் தொழிற்சாலையிலும் தேநீர் இன்றியமையாததாயிருந்தது. அதே ஆண்டு ஜனவரியில், கூலி உயர்வு கோரி வேலைநிறுத்தம் நடந்த முல்லோயாத் தோட்டத்தில், கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார். போர் முடிந்தபின் 1948இல் தோட்ட மக்களில் மிகப் பெரும்பாலோரின் பிரஜாவுரிமையும் 1949இல் வாக்குரிமையும் பறிபோயின. துரைமார் படை கலைக்கப்பட்டதும் அதே 1949இல்தான். கலைந்த படைக்குச் சரித்திரம் எழுதப்பட்டது. யுத்தகாலம் முழுவதும் கொழுந்து பறித்த கைகளுக்கு நாடே மறுக்கப்பட்டது!

பொத்தானும் தொப்பியும் சரியாயிருக்கலாம். எனினும் அத்துரையின் செல்வம் எவருடைய உழைப்பில் விளைந்தது என்பதைக் காட்டாத சிற்பம் பாதி உண்மையையே கூறுகிறது. ஆகவே ஆசிரிய நண்பர்களுக்கு ஒன்று கூறுவோம். ஹற்றனிலும் நுவரெலியாவிலும் நம் மாணவர் களிமண்ணில் சிப்பாயைச் செய்யட்டும். அதே அளவில், அருகிலேயே, அக்காலத்துக் கொழுந்து பறிக்கும் பெண்ணையும் செய்யட்டும். மழைக்குப் போர்த்திய கம்பளி, இடுப்பிற் சுற்றிய படங்கு, தலையிற் பதிந்த கூடைக் கயிறு ஆகிய அனைத்தையும் அதே கண்டிப்போடு ஆராய்ந்து தீட்டட்டும். இதற்குரிய சான்றுகள் துரைமாரின் புகைப்படங்களில் அருகியே கிடைக்கும். லயங்களில் வாழும் முதியோரின் நினைவில் அவை இன்னும் இருக்கின்றன. அந்நினைவு அழியுமுன் கேட்டெழுதுவது நம் கடமை.