ஹைதரின் நெருப்பும் கஞ்சித்தொட்டியும்

கடலூர் மாவட்டத்தின் பேரிடர்கள் எவை என்று கேட்டால் 2004 ஆழிப்பேரலை, 2011 தானே புயல், 2015 பெருவெள்ளம் என்று கம்மாபுரத்துப் பள்ளிப் பிள்ளையும் சொல்லிவிடும். 1758, 1780 ஆகிய ஆண்டுகளை யாரும் அந்த வரிசையில் வைப்பதில்லை. வைக்க வேண்டும் என்பதே என் துணிபு.

1690-இல் ஆங்கிலக் கும்பெனி தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியரிடமிருந்து வாங்கியது. பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரை நிலம் என்பது பேரம். குண்டு உப்பலவாடி என்னும் ஊர்ப்பெயரில் அது இன்னும் நிற்கிறது. 1758 ஜூனில் பிரெஞ்சுத் தளபதி லாலி அக்கோட்டையைப் பிடித்தார். பிடித்த கையோடு இடிக்கவும் செய்தார். 1761 ஜனவரியில் புதுச்சேரி வீழ்ந்தபோது ஆங்கிலேயர் பழி தீர்த்துக்கொண்டனர். மதிலோடு நகரின் மாளிகைகளும் தரைமட்டமாயின. இரண்டுமே சண்டை ஓய்ந்த பிறகு, ஆணையிட்டு, ஆள் வைத்துச் செய்த வேலைகள்.

கோட்டை இடிந்தால் கும்பெனிக்கு நட்டம். 1780-இலோ குடியானவன் வாழ்வே போயிற்று. அந்த ஜூலையில் மைசூரை ஆண்ட ஹைதர் அலி பெரும்படையோடு மலைக் கணவாய்களைக் கடந்து ஆற்காட்டுச் சீமையில் இறங்கினார். ஆங்கிலப் படைக்கு நெல்லும் மாடும் கிடைக்கவிடாமல் செய்வது அவர் வகுத்த போர்முறை. ஊர்கள் கொளுத்தப்பட்டன; கால்நடைகளை ஓட்டிச் சென்றார்கள்; மக்களையும் சிறைபிடித்துப் போனார்கள். தில்லைக் கோயிலின் மதிலே ஹைதர் படைக்கு அரணாயிற்று. 1781 ஜூன் 18 அன்று அதைத் தாக்கிய ஆங்கிலத் தளபதி அயர் கூட் தோற்றுத் திரும்பினார். ஜூலை 1 அன்று பரங்கிப்பேட்டையில் வென்றும், உணவும் வண்டிமாடும் இல்லாமல் ஹைதரை அவரால் துரத்த முடியவில்லை. வென்ற படைக்கே இந்த நிலை என்றால் வெள்ளாற்றங்கரைக் குடிகள் எதைத் தின்று உயிர் வாழ்ந்திருப்பார்கள்?

பஞ்சம் வந்தது. பசித்தவர்களுக்காகச் சென்னையில் 1782-இல் ஒரு கஞ்சித்தொட்டி திறந்தார்கள். அது மணியக்காரர் சத்திரமாகி, அங்கிருந்து வளர்ந்ததுதான் இன்றைய ஸ்டான்லி மருத்துவமனை. வடசென்னை முதியவர்களுக்கு அது கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரிதான். சட்டியேந்தி நின்றவளின் பசி வானம் பொய்த்ததால் வந்ததா, படை கொளுத்தியதால் வந்ததா என்பது கஞ்சி ஊற்றிய கைக்குப் பொருட்டாக இருந்திருக்க நியாயமில்லை.

இன்றைய வரையறைகளுக்கு அது பொருட்டாக இருக்கிறது. 2017-இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற பேரிடர்க் கலைச்சொற்கள் மனிதரால் விளையும் இடர்களைச் சேர்த்துக்கொண்டாலும், ஆயுதப் போரை விலக்குகின்றன. அதற்குப் போர்க்காலச் சட்டங்கள் தனியே உண்டு என்பது காரணம். நம் 2005 பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் வரையறை இதைவிட விரிந்தது. காரணம் இயற்கையோ மனிதரோ, பாதிக்கப்பட்ட மக்களால் தாங்க முடியாத அளவுக்குப் போனால் அது பேரிடர். எனக்கு உவப்பானது இதுவே.

பேரிடர் என்று எழுதிவிட்டால் குற்றவாளி புயலுக்குள் ஒளிந்துகொள்வான் என்னும் அச்சம் எளிதில் தள்ளத்தக்கதன்று. ஆனால் 1785-இல் எட்மண்ட் பர்க் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் ஆற்றிய உரையைப் பாருங்கள். ஹைதரின் படையெடுப்பைக் கருமேகமாகவும் நெருப்புச் சூறையாகவும் அவர் வருணித்தார். அதே மூச்சில், ஹைதரோடு செய்த உடன்படிக்கையை மீறிய சென்னைக் கும்பெனியாரையும், ஆற்காட்டு நவாபுக்கு வட்டிக்குப் பணம் கொடுத்துக் கொழுத்தவர்களையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார். இயற்கைச் சீற்றம்போல் பேசியதால் அவர் யாரையும் தப்பவிட்டுவிடவில்லை.

அவர் வாதம் ஏரிகளுக்கும் போயிற்று. முன்னோர் கட்டிய ஏரிகளைச் செப்பனிடாமல் இந்த நாடு எழாது, அதற்குப் பணமும் கால அவகாசமும் வேண்டும் என்றார். மழை பொய்த்த ஆண்டில் வரி தள்ளுபடி கேட்பது குடியானவனுக்குப் பழகிய வழக்கம். படை கொளுத்திய ஆண்டுக்கும் அந்த உரிமை உண்டு என்று ஏற்றிருந்தால் கொஞ்சம் மூச்சுவிட்டிருப்பான். இலண்டனில் முடிவானதோ வேறு. எரிந்து கிடந்த அந்தச் சீமையின் வருவாயிலிருந்து ஆண்டுக்கு 12 இலட்சம் வராகன் நவாபின் கடன்காரர்களுக்கு ஒதுக்கப்பட்டது.