சந்திப் பிழை இருந்தால் வாதமே தப்பா? ஆன்லைன் விவாதத்தில் இலக்கணம் எந்த அளவுக்கு முக்கியம்?

"எங்க தெருவுல மூனு நாளா தன்னி வரல. கவுன்சிலர் ஆபீஸ்ல கேட்டா பதில் இல்ல."

ஊர் வாட்ஸ்ஆப் குரூப்பில் ஒருத்தர் இப்படி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த நிமிடமே பதில் வருகிறது: "முதல்ல 'தண்ணி'ன்னு எழுதக் கத்துக்கோ. அப்புறம் கவுன்சிலரைக் கேள்வி கேட்கலாம்." அதற்குப் பத்து சிரிப்பு எமோஜி. அவ்வளவுதான், பேச்சு அங்கேயே திசைமாறிவிடும். தண்ணீர் ஏன் வரவில்லை என்ற கேள்வியை மறந்துவிட்டு, றன்னகரமா டண்ணகரமா என்று எல்லோரும் பேசிக்கொண்டிருப்பார்கள்.

ஃபேஸ்புக், எக்ஸ், யூடியூப் கமென்ட் என்று எங்கே போனாலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். அப்படியென்றால் ஆன்லைனில் இலக்கணமே தேவையில்லையா? அப்படியும் சொல்லிவிட முடியாது. சில பிழைகளால் அர்த்தமே மாறிப்போகும், சிலவற்றால் ஒன்றும் ஆகாது. எது எந்த வகை என்பதை இங்கே பார்ப்போம்.

பிழை எல்லாம் ஒரே வகையா?

இல்லை. நாம் பொதுவாக "தமிழ் தப்பு" என்று சொல்வதில் குறைந்தது 3 வகை இருக்கிறது.

முதல் வகை எழுத்துப் பிழை. ல-ள-ழ, ர-ற, ன-ண குழப்பங்கள் இதில் வரும். செல்போனில் வேகமாகத் தட்டும்போது, குரல் வழியாக டைப் செய்யும்போது, கீபோர்டு தானாகக் காட்டும் சொல்லைத் தொட்டுவிடும்போது இது யாருக்கும் நடக்கும்.

இரண்டாவது சந்திப் பிழை. க், ச், த், ப் எங்கே மிகும், எங்கே மிகாது என்ற விவகாரம்.

மூன்றாவது வாக்கியப் பிழை. யார் செய்தார், எத்தனை பேர், நடந்ததா இல்லையா, நேரில் பார்த்ததா கேள்விப்பட்டதா என்பதெல்லாம் இதற்குள் வருகிறது.

ஆன்லைனில் அதிகம் கேலி செய்யப்படுவது முதல் இரண்டும்தான். ஆனால் விவாதத்தில் அதிக சேதம் செய்வது மூன்றாவது. அதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை.

ஒற்று போனால் அர்த்தம் போகுமா?

சில இடங்களில் போகும். "தந்த பலகை" என்றால் யாரோ கொடுத்த பலகை. "தந்தப் பலகை" என்றால் யானைத் தந்தத்தில் செய்த பலகை. "வேலை கொடு" என்றால் பணி கொடு. "வேலைக் கொடு" என்றால் கையில் இருக்கிற வேலைக் கொடுத்துவிடு. முருகன் கோயில் தவிர வேறு எங்கும் இந்தக் கோரிக்கைக்கு அவசியம் இருக்காது!

வகுப்பறையில் இவை நல்ல உதாரணங்கள். ஆனால் நடைமுறையில் "இளைஞர்களுக்கு வேலைக் கொடு" என்று ஒருவர் பதாகையில் எழுதினால், அவர் ஈட்டி கேட்கிறார் என்று யாராவது நினைப்பார்களா? மாட்டார்கள். சுற்றி இருக்கும் சொற்களே அர்த்தத்தைக் காப்பாற்றிவிடும். அங்கே பிழை இருப்பது உண்மை. அதனால் கோரிக்கை பலவீனமாகிவிட்டது என்பது உண்மையல்ல.

எழுத்துப் பிழையிலும் இதே கதைதான். "பனி நியமனம்" என்று எழுதினாலும் பணி நியமனம் என்றே புரியும். ஆனால் "ஒலி மாசு", "ஒளி மாசு" இரண்டும் தனித்தனிப் பிரச்னைகள். முதலாவது ஸ்பீக்கர் சத்தம், இரண்டாவது இரவெல்லாம் எரியும் விளக்கு. இங்கே ஓர் எழுத்து மாறினால் புகாரே மாறிவிடும். அப்போது "நீங்க சொல்வது சத்தத்தையா, வெளிச்சத்தையா?" என்று கேட்பது குறை சொல்வது ஆகாது. விவாதத்துக்கு அது தேவையான கேள்வி.

உண்மையிலேயே கவனிக்க வேண்டிய இடங்கள் எவை?

*உம், தான்:* "அவரும் பணம் வாங்கினார்" என்றால் வேறு சிலரும் வாங்கினார்கள் என்று அர்த்தம். "அவர்தான் வாங்கினார்" என்றால் மற்றவர்கள் மேல் சந்தேகம் இல்லை. இரண்டே எழுத்தில் குற்றச்சாட்டின் எல்லை மாறுகிறது.

*எல்லாரும் + இல்லை:* "எல்லாரும் ஓட்டுப் போடல" என்ற வாக்கியத்துக்கு இரண்டு அர்த்தம் உண்டு. ஒருவர்கூடப் போடவில்லை என்றும் படிக்கலாம், சிலர் போட்டார்கள், சிலர் போடவில்லை என்றும் படிக்கலாம். ஒருவர் ஓர் அர்த்தத்தில் எழுத, இன்னொருவர் மற்ற அர்த்தத்தில் படித்துவிட்டு மணிக்கணக்கில் சண்டை போடுவார்கள். "யாருமே போடல" அல்லது "சிலர் போடல" என்று எழுதிவிட்டால் சண்டைக்கே இடமில்லை.

*ஆம்:* "அவர் ராஜினாமா செய்தார்" என்பது தகவல். "செய்தாராம்" என்பது கேள்விப்பட்டது. தமிழில் ஒரே ஓர் அசையைச் சேர்த்து "இது நான் நேரில் அறிந்ததல்ல" என்று சொல்லிவிட முடிகிறது. ஆனால் ஒரு செய்தி நாலு குரூப்பைத் தாண்டும்போது முதலில் காணாமல் போவது இந்த "ஆம்"தான். "செய்தாராம்" என்று கிளம்பியது "செய்தார்" என்று வந்து சேரும். வதந்தி உண்மையாக வேஷம் போடுவது இப்படித்தான். அதேநேரம், "ஆம்" போட்டுவிட்டால் யாரைப் பற்றியும் எதையும் எழுதலாம் என்று நினைத்துவிடக் கூடாது. அவதூறு என்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-வது பிரிவில் குற்றம். இன்னொருவர் சொன்னதைப் பரப்பினேன் என்பது மட்டுமே பாதுகாப்பாகிவிடாது.

*செயப்பாட்டு வினை:* "மரங்கள் வெட்டப்பட்டன". இலக்கணப்படி குறையே இல்லாத வாக்கியம். ஆனால் வெட்டியது யார்? அதற்கு வாக்கியத்தில் பதில் இல்லை. சில நேரம் யார் என்று தெரியாததால் அப்படி எழுதுவோம். சில நேரம் சொல்ல விரும்பாததால் எழுதுவார்கள். ஒற்றுப் பிழையைத் தேடும் கண்களுக்கு இது தெரியவே தெரியாது.

ஒரு கமாவால் 50 லட்சம் டாலர்

அமெரிக்காவின் மெய்ன் மாகாணத்தில் ஓக்ஹர்ஸ்ட் என்ற பால் நிறுவனத்தின் டிரைவர்கள் ஓவர்டைம் சம்பளம் கேட்டு வழக்குப் போட்டார்கள். ஓவர்டைம் கொடுக்கத் தேவையில்லாத வேலைகள் என்று அந்த மாகாணச் சட்டத்தில் ஒரு பட்டியல் இருந்தது. அதன் கடைசியில் ஒரு கமா இல்லை. அதனால், "அனுப்புவதற்கோ விநியோகத்துக்கோ பேக் செய்வது" என்று ஒரே வேலையாகவும் படிக்கலாம், "அனுப்புவதற்காகப் பேக் செய்வது", "விநியோகம் செய்வது" என்று இரண்டு வேலைகளாகவும் படிக்கலாம். டிரைவர்கள் பேக் செய்வதில்லை, விநியோகம் மட்டுமே செய்கிறார்கள். வாசகம் தெளிவாக இல்லை என்று சொல்லி 2017-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் டிரைவர்கள் பக்கம் நின்றது. 2018-ல் 50 லட்சம் டாலர் தருவதாக நிறுவனம் சமரசத்துக்கு வந்தது.

சட்டம், ஒப்பந்தம், மனு, தகவல் உரிமைச் சட்டக் கேள்வி, மாத்திரை சாப்பிடும் விதி போன்ற இடங்களில் ஓர் எழுத்தைக்கூட விட்டுக்கொடுக்க முடியாது. அங்கே எழுதியதைத் தாண்டி விளக்கம் கேட்க வழி இல்லை. விவாதத்தில் அப்படி இல்லை. "நீங்க சொல்ல வந்தது என்ன?" என்று கேட்டால் அடுத்த நிமிடம் பதில் கிடைக்கும்.

பிழை பார்த்து ஆளை எடைபோடுகிறோமா?

ஆமாம். மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜூலி போலண்ட், ராபின் குவீன் இருவரும் 2016-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வீட்டைப் பகிர்ந்துகொள்ள ஆள் தேவை என்ற விளம்பரத்துக்கு வந்த பதில் மெயில்கள் என்று சொல்லி, 83 பேரிடம் சில மெயில்களைப் படிக்கக் கொடுத்தார்கள். எழுத்துப் பிழையும் இலக்கணப் பிழையும் இருந்த மெயில்களை எழுதியவர்களுக்கு மதிப்பெண் குறைந்தது.

சுவாரஸ்யம் அடுத்ததில் இருக்கிறது. எல்லோரும் ஒரே அளவுக்குக் கடுமையாக இல்லை. பிறரோடு எளிதில் ஒத்துப்போகாத சுபாவம் உள்ளவர்கள் இலக்கணப் பிழைக்கு அதிகம் முகம் சுளித்தார்கள். அதாவது, பிழை எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பது படிப்பவரின் சுபாவத்தையும் பொறுத்தது. ஆங்கிலத்தில், ஒரு நாட்டில், சிறிய குழுவிடம் செய்த ஆய்வு இது. தமிழுக்கும் அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஆனால் எழுதுபவர்களுக்கு ஒரு பாடம் இருக்கிறது: பிழையில்லாமல் எழுதினால், கேட்காமலே கொஞ்சம் மரியாதை கிடைக்கிறது.

யார் வாயை மூடுகிறோம்?

தமிழில் பேச்சுக்கும் எழுத்துக்கும் தூரம் அதிகம். "வந்துட்டிருக்கேன்" என்று பேசுகிறவர் "வந்துகொண்டிருக்கிறேன்" என்று எழுதப் பள்ளியில்தான் கற்கிறார். குடும்பத்தில் முதல் தலைமுறையாகப் படித்தவர், இங்கிலீஷ் மீடியத்தில் படித்தவர், வீட்டில் தெலுங்கோ உருதுவோ பேசுகிறவர் என எல்லோருக்கும் அந்தத் தூரம் ஒரே அளவு இல்லை. நெல்லை, கொங்கு, யாழ்ப்பாணம் என்று வட்டார வழக்குகள் வேறு. ஒருவர் வழக்கு இன்னொருவர் காதுக்குத் தப்பாகப் படும்.

தெருக் குழாய், ரேஷன் கடை, அரசு ஆஸ்பத்திரி பற்றி நேரடி அனுபவத்தோடு பேசக்கூடியவர்கள் பலர் இவர்களில்தான் இருக்கிறார்கள். ஒருமுறை எழுத்தைக் காட்டிக் கேலி செய்தால் மறுமுறை அவர்கள் எழுதமாட்டார்கள். பிறகு விவாதத்தில் மிஞ்சுவது நன்றாக எழுதத் தெரிந்தவர்கள் மட்டுமே. விஷயம் தெரிந்தவர்கள் இருக்கமாட்டார்கள்.

இலக்கண நூல்கள் என்ன சொல்கின்றன?

13-ம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூல், ஒரு நூலுக்கு வரக்கூடாத 10 குற்றங்களைப் பட்டியல் போடுகிறது. தேவையானதைச் சொல்லாமல் விடுவது, தேவைக்கு மேல் சொல்வது, சொன்னதையே திரும்பச் சொல்வது, முன்னுக்குப் பின் முரணாகப் பேசுவது, குழப்புவது, விஷயத்தை விட்டு வேறொன்றுக்குத் தாவுவது எல்லாம் அதில் உண்டு. பிழையான சொல்லைப் பயன்படுத்துவது பத்தில் ஒன்றுதான்! "தன்னி"யைப் பிடித்துக்கொண்டு தண்ணீரை விட்டவர் வேறொன்றுக்குத் தாவிய குற்றத்தில் மாட்டுகிறார்.

இன்னொன்றும் உண்டு. தமிழ் இலக்கணத்தில் வழு 7 வகை: திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு. இதில் விடை வழு என்றால், கேட்ட கேள்விக்குப் பொருந்தாத பதில். "ரோடு ஏன் போடல?" என்று கேட்டால், "போன ஆட்சியில மட்டும் போட்டாங்களா?" என்று சொல்வது ஒற்று, எழுத்து எல்லாம் சரியாக இருந்தாலும் விடை வழுதான். இலக்கணத்தை எடுத்துக்கொண்டு சண்டைக்கு வருபவர்கள் இதையும் எடுத்துக்கொண்டு வர வேண்டும்.

காரணத்தோடு ஏற்றுக்கொள்ளப்படும் பிழைக்கு வழுவமைதி என்று பெயரும் உண்டு. பாசத்தில் மகளை "வாடா கண்ணா" என்பது பால் வழுவமைதி. மன்னிக்கவும் இலக்கணத்துக்குத் தெரியும்.

வாழ்த்துகளா, வாழ்த்துக்களா?

ஒவ்வொரு பண்டிகைக்கும் வரும் சண்டை. "வாழ்த்துகள்" என்பதே சரி என்பவர்கள் உண்டு, "வாழ்த்துக்கள்" என்பதும் வழக்கில் நிலைத்துவிட்டது என்பவர்களும் உண்டு. அறிஞர்களே ஒரே முடிவில் இல்லாத இடம் இது. "அவர்கள்" என்ற சொல்லிலேயே "அர்" மேல் "கள்" என்று பன்மைக்கு மேல் பன்மை இருக்கிறது. இன்று அதை யாரும் பிழை என்பதில்லை. ஒரு பக்கம் நின்று பழகுவது நல்லது. மறுபக்கம் நிற்பவரைத் தமிழ் தெரியாதவர் என்பது தேவையில்லாதது.

நீங்க, நீ: இந்த இலக்கணம் முக்கியம்

தமிழில் மரியாதை வினைச்சொல்லிலேயே ஒட்டியிருக்கிறது. "சொன்னார்" என்பது "சொன்னான்" ஆகிவிட்டால், "சொல்லுங்க" என்பது "சொல்லு" ஆகிவிட்டால், தகவல் மாறவில்லை, உறவு மாறிவிட்டது. முகம் தெரியாத ஒருவரிடம் அந்த விகுதி மாறும் இடத்தில்தான் பெரும்பாலும் விவாதம் முடிந்து சண்டை தொடங்குகிறது. மேலே சொன்ன குழாய் உதாரணத்தில், "கத்துக்கோ" என்பதில் ஒற்றுப் பிழை எதுவும் இல்லை. ஆனால் அதைவிட மோசமான பிழை அந்தப் பதிலில்தான் இருக்கிறது.

சரி, என்ன செய்யலாம்?

எழுதுபவர்கள் போஸ்ட் பண்ணுவதற்கு முன் 4 விஷயங்களைப் பார்த்தால் போதும்: பெயரும் எண்ணும் சரியா? யார் செய்தது என்று வாக்கியத்தில் இருக்கிறதா? பார்த்ததா, கேள்விப்பட்டதா என்று தெரிகிறதா? "இல்லை" சரியான இடத்தில் நிற்கிறதா? நேரம் இருந்தால் ஒற்றையும் பார்த்துவிடலாம்.

படிப்பவர்கள் திருத்துவதற்கு முன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளலாம்: இந்தப் பிழையால் அர்த்தம் மாறுகிறதா? மாறினால் எல்லோர் முன்னாலும் கேளுங்கள். மாறாவிட்டால், கற்றுக்கொடுக்கும் எண்ணம் உண்மையாக இருந்தால், தனி மெசேஜில் சொல்லுங்கள்.

உங்களை யாராவது பொதுவில் திருத்தினால் கோபப்பட வேண்டாம். "நன்றி, திருத்திட்டேன். இப்போ கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லுங்க" என்று எழுதினால் போதும். பிழையும் போய்விடும், கேள்வியும் அங்கேயே நிற்கும்.