இடப்பாகம் யாருக்கு?

அம்மன் தவமிருந்த கதைகள் தமிழ்நாட்டில் பல ஊர்களில் உண்டு. காஞ்சியில் காமாட்சி மணலில் லிங்கம் பிடித்துத் தவம் செய்து ஈசனை மணக்கிறாள். திருவண்ணாமலையில் தவத்தின் பயனாக அவன் உடம்பில் இடப்பாகம் பெறுகிறாள். சங்கரன்கோவில் கோமதியின் தவம் இந்த இரண்டிலும் சேராது. அவள் தனக்கென்று எதையும் கேட்கவில்லை.

சங்கன், பதுமன் என்று இரண்டு நாக அரசர்கள். ஒருவனுக்குச் சிவன் பெரியவர், மற்றவனுக்குத் திருமால். வழக்கு அம்பிகையிடம் வருகிறது. இருவரும் ஒருவரே என்று உலகம் காண வேண்டும் என அவள் சிவனிடம் வேண்டுகிறாள். புன்னைவனத்துக்குப் போய்த் தவம் செய் என்கிறார் அவர். சண்டை ஆண்களுடையது, தவம் மட்டும் பெண்ணுக்கு! தேவமாதர் பசுக்களாகி அவளோடு வருகிறார்கள். ஆக்களை உடையவள் என்பதால் அவளுக்கு ஆவுடையம்மன் என்றும் பெயர். ஆடி உத்திராடத்தன்று வலப்புறம் சிவனும் இடப்புறம் திருமாலுமாகச் சங்கரநாராயணர் காட்சி தருகிறார்.

சைவ வைணவ ஒற்றுமைக்குச் சான்றாகவே இந்தத் தலத்தை எல்லோரும் எழுதிவந்திருக்கிறார்கள். அது சிறிய விஷயமில்லை. சங்கரலிங்கருக்கும் கோமதிக்கும் நடுவிலுள்ள சங்கரநாராயணர் சன்னதியில் இன்றும் திருநீறும் தருகிறார்கள், துளசித் தீர்த்தமும் தருகிறார்கள். ஆனால் திருமேனியைச் சற்று உற்றுப் பாருங்கள். அர்த்தநாரீசுவரரில் பெண் நிற்கும் அதே இடப்பாகத்தில்தான் இங்கே திருமால் நிற்கிறார். தமிழ் மரபில் அவர் அம்பிகையின் அண்ணன். மதுரையில் தங்கையைத் தாரைவார்த்துக் கொடுப்பவரும் அவரே. புருஷனையும் அண்ணனையும் ஒன்றாகக் காணத் தவமிருந்தவள், கடைசியில் தன் பாதியில் அண்ணன் நிற்பதைப் பார்க்கிறாள்.

வகுப்பில் இதைச் சொன்னபோது ஒரு மாணவி கேட்டாள்: “அப்ப அம்மனும் விடுதலைப் பத்திரம் எழுதிக் குடுத்துட்டாளா மேடம்?” வகுப்பு சிரித்தது. சிரித்தவர்களில் பலரின் அம்மாக்கள் அந்தப் பத்திரத்தில் கையெழுத்திட்டவர்கள்தான். 1989-இல் தமிழ்நாடு இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி, கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கு நிகரான பங்கு தந்தது. அதற்குமுன் கல்யாணமாகிப் போனவர்களுக்கு அது இல்லை. 2005-இல் மத்தியச் சட்டம் அந்தத் தடையையும் எடுத்தது. சட்டம் வந்த பிறகும், பொறந்த வீட்டு வாசல் அடைபட்டுவிடக் கூடாதே என்று தங்கள் பங்கை எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறார்கள். சகோதரனும் கணவனும் முகம் கொடுத்துப் பேச வேண்டுமென்றால் இடையில் இருப்பவள் எதையாவது விட வேண்டியிருக்கிறது. புராணம் இதை உண்டாக்கவில்லை. ஆனால் அதற்கு ஓர் அழகு கொடுத்திருக்கிறது. எனக்கு அதில்தான் சங்கடம்.

ஆனாலும் ஆடித்தவசு அவளுடைய திருவிழா. கொடியேறுவது அவள் சன்னதியில். பன்னிரண்டு நாளும் வீதியுலா வருகிறவள் அவள். ஆடிச்சுற்று என்று 108 முறை கோயிலைச் சுற்றும் கூட்டத்தில், கணக்குத் தவறாமல் விரல் மடக்கிக்கொண்டே நடக்கும் பெண்களைப் பார்க்கலாம். தோல்வியாதிக்கும் விஷக்கடிக்கும் புற்றுமண்ணைக் கொண்டுபோய்ப் பூசுகிறார்கள். இந்த வட்டாரத்து ஆண்கள் கோமதிநாயகம், கோமதிசங்கர் என்று அவள் பெயரை முன்னால் வைத்துக்கொள்கிறார்கள். தவசுக் காட்சியின்போது சம்சாரிகள் பருத்தியையும் மிளகாய் வத்தலையும் தானியத்தையும் சூறைவிடுகிறார்கள். சாமி ஒன்றா இரண்டா என்ற கேள்வி அந்த நேரத்தில் யாருக்கும் இருப்பதாகத் தெரியவில்லை. விளைச்சலைச் சொல்ல ஒருத்தி நிற்கிறாள், அவளிடம் சொல்கிறார்கள்.

மாலையில் சங்கரநாராயணர் காட்சி முடிந்ததும் கதை முடிவதில்லை. உங்கள் பழைய உருவைக் காட்டுங்கள் என்று கோமதி மறுபடி தவத்துக்குப் போகிறாள். இரவில் சங்கரலிங்கர் தனியாக வருகிறார். அண்ணன் இல்லாத அந்த உடம்பின் இடப்பக்கத்தைப் பற்றிக் கதை ஒன்றும் சொல்வதில்லை.